மூச்சு விட்ட பொணம்

என்னையப் பாக்குறவுக மொதல்ல கேக்குற கேள்வி, "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே" அப்படிங்கிறதுதான். பஸ்ஸுல, சந்தையில, பல்லு புடுங்கப் போன எடத்துல, எங்க போனாலும் இதே கததான். நானும் மொகத்துல வெளிச்சம் விழுற மாதிரி லேசாத் திரும்பி நின்னுக்கிட்டு, அவுகளாக் கண்டுபுடிக்கட்டும்னு காத்திருப்பேன். நல்லா யோசிச்சுட்டு, "கரெண்டு ஆபீஸ்ல இருந்து மீட்டர் பாக்க வருவீகளே, நீங்கதான?"ம்பாக. ஒருத்தரு தன்னோட பழைய டிரில் வாத்தியார்னு நெனச்சு, சைக்கிள விட்டு எறங்கிக் கும்புட்டாரு. நானும் கைய ஒசத்தி, நல்லா இருப்பான்னு சொல்லி அனுப்பிச்சேன். கெடச்ச வேஷத்த வேணாங்குற பழக்கம் எனக்குக் கெடையாது.

பதினஞ்சு வருஷம் போல சினிமாவுல கெடந்த மொகம் இது. போஸ்ட்மேன், கான்ஸ்டபிள், கல்யாணத்துல பந்தி வெளம்புறவன், கோர்ட்டுல பேரு கூப்புடுறவன். கதாநாயகன் ஒரு லெட்டரக் குடுத்து, "இத ஒடனே கொண்டுபோய்க் குடு"ன்னு சொல்லுவாருல்ல, அத வாங்கிக்கிட்டு ஒருத்தன் கதவத் தாண்டிப் போவான். அவன் எங்க போறான், அவனுக்குப் பசிக்குமா, வீட்டுல யாரும் காத்திருக்காகளான்னு எவனும் கேட்டதில்ல. அந்தக் கதவுக்கு அங்கிட்டுத்தான் நான் இத்தன வருஷம் குடியிருந்தேன்.

எல்லாம் நாப்பத்தெட்டுல ஆரம்பிச்சது. எங்க புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோட சேந்த வருஷம். பொன்னமராவதியில நான் படிச்ச பள்ளிக்கூடத்துல அதுக்காக ஒரு நாடகம் போட்டாக. ராஜா, மந்திரி, புலவர் எல்லாம் நல்லாப் படிக்கிற பயலுகளுக்குப் போயிருச்சு. எனக்குக் கெடச்சது, வாசல்ல ஈட்டியோட நிக்கிற காவக்காரன். வசனம் கெடையாது. ஒண்ணர மணி நேரம் நிக்கணும், அம்புட்டுத்தான். நடுவுல ஒரு ஈ வந்து என் மூக்குல ஒக்காந்துச்சு. பொடிநடையா நெத்தி வரைக்கும் போச்சு, ஊரச் சுத்திப் பாத்துட்டு அதே வழியில திரும்பி வந்துச்சு. நான் அசையல. ராஜாவுக்கு வசனம் மறந்து போச்சு, மந்திரிக்கு மீச கழண்டு விழுந்துச்சு. நாடகம் முடிஞ்சதும் தலைமை வாத்தியார் என் தோளத் தொட்டுப் பாத்துட்டு, "அட, நீயாடா? அட்டையில வெட்டி வச்சிருக்காகன்னுல நெனச்சேன்"ன்னாரு.

நான் நடிகன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். "அட்டன்னு சொன்னதுல என்னடா பெரும இருக்கு?"ன்னு எங்கப்பா கேட்டாரு. அதெல்லாம் அவருக்குப் புரியாது.

மூணு வருஷம் கழிச்சு மெட்ராஸுக்கு ரயிலேறுனேன். கோடம்பாக்கத்துல ஆள் சேக்குற ஏஜெண்டு ஒருத்தரு காலையில வருவாரு, நாங்க வரிசையா நிப்போம். "நீ, நீ, மீச வச்சவன், அந்தக் கழுத்து நீளமானவன்"னு வெரல நீட்டிக்கிட்டே போவாரு. கழுத்து நீளமானவன் நான்தான். அந்தக் கழுத்தப் பாத்துத்தான் ரொம்ப நாளு சோறு கெடச்சுச்சு.

கோடம்பாக்கத்துல ஒரு விசேஷம், மத்தியானம் ரெண்டு மணிக்கு நெலாக் காயும். கயித்துல கட்டி மேல இழுப்பாக. குழாயில மழ பேயும், காத்தாடியில பொயலடிக்கும். வெளிய வந்தா மண்டையப் பொளக்குற வெயிலு. கொஞ்ச நாள்ல எது உள்ள, எது வெளியன்னு எனக்கே மட்டுப்படாமப் போச்சு. தெருவுல நெசமாவே மழ பேயிறப்ப, யாரோ 'கட்' சொல்லட்டும்னு நனஞ்சுக்கிட்டே நின்னிருக்கேன்.

இந்த நேரத்துலதான் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். எங்க ஆத்தாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தரு, அறந்தாங்கியில பாத்திரக்கட வச்சிருந்தாரு. எனக்கு மாமா மொற. அவுகளும் குடும்பத்தோட வந்திருந்தாக. நான் கல்யாண வீட்டுப் பிள்ளைகளுக்கு, சினிமாவுல கான்ஸ்டபிள் எப்படி நடப்பான்னு நடந்து காட்டிக்கிட்டிருந்தேன். வெத்தலத் தட்ட வச்சுக்கிட்டு நெலப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்த மாமா மக சொன்னா: "நெசக் கான்ஸ்டபிளு இப்படி நடந்தா, திருடன் ஓடவே வேணாம். சிரிச்சுக்கிட்டே கூடவே நடந்து போயிரலாம்."

என் நடிப்பப் பத்தி ஒரு ஆளு உருப்படியா அபிப்பிராயம் சொன்னது அதுதான் மொதத் தடவ. கட்டுனா இவளத்தான் கட்டணும்னு அந்த எடத்துலயே தோணிப்போச்சு. அவளுக்கும் சம்மதந்தான்னு பந்தியில தெரிஞ்சுச்சு. எனக்கு மட்டும் ரெண்டு அப்பளம் வந்து விழுந்துச்சு.

ஆத்தா மாமாகிட்டப் பேசுனாக. மாமா எப்பவும் பாத்திரத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்ட இருக்கான்னு பாத்துட்டுத்தான் விப்பாரு. மருமகனையும் அப்படித்தான் பாத்தாரு.

"சினிமாவுல நடிக்கிறேன்னு சொல்றாக. நானும் ரெண்டு படத்துக்குப் போனேன். ஒண்ணுல முதுகு தெரிஞ்சுச்சு, இன்னொண்ணுல அதுவும் இல்ல. மாப்ள மொகம் தனியாத் தெரியட்டும். நம்ம கடத்தெருவுல நாலு பேரு, 'அது ஒங்க மருமகனா?'ன்னு கேக்கட்டும். அப்பறம் பேசுவோம்."

அதுல இருந்து எனக்குத் தூக்கமில்ல. அவளுக்கு வேற எடம் வந்துருமோங்குற பயம் ஒரு பக்கம். கேமரா எங்க திரும்புதோ அங்கிட்டுக் கழுத்த நீட்டுறது இன்னொரு பக்கம். "யாருய்யா அந்தக் கொக்கு?"ன்னு கத்துவாக.

ஒரு நாளு, ஒரு படத்துல சாவு வீட்டுக் காட்சி. கதாநாயகியோட அண்ணன் செத்துக் கெடக்குறான். நான் பாடைத் தேரு தூக்குற நாலு பேருல ஒருத்தன். பொணமா வந்தவருக்கு மாலையில இருந்த பூவு ஒத்துக்கல, கதாநாயகி அழுதுக்கிட்டிருக்குறப்பவே தும்மிட்டாரு. மறுபடி எடுத்தாக, மறுபடி தும்மல். டைரக்டருக்கு ஆத்திரம். "இங்க யாருக்காவது மூச்சடக்கத் தெரியுமா?"ன்னாரு.

நான் ஊரணியில முங்கி வளந்தவன். முன்னாடி போனேன்.

நாடியத் துணியால கட்டி, மால போட்டு, நெத்தியில ஒத்த ரூவா ஒட்டுனாக. தலமாட்டுல ஒரு பெரிய அட்டத் தூணு, அரண்மனத் தூணு மாதிரி சாயம் அடிச்சது. சாஞ்சுராம இருக்கணும்னு அதுக்குப் பின்னாடி ஒருத்தன் ஒக்காந்து புடிச்சுக்கிட்டிருந்தான். கேமரா என் மொகத்துக்கு நேரா வந்து நின்னுச்சு. தனியா. நான் கண்ண மூடி மூச்ச அடக்குனேன். அடக்குனதும் ஊரணித் தண்ணிக்குள்ள போன மாதிரி எல்லாச் சத்தமும் தூரமாப் போச்சு. கதாநாயகி அழுறது எங்கயோ அக்கரையில யாரோ துணி தொவைக்கிற மாதிரி கேட்டுச்சு. அறந்தாங்கியில ஒருத்தி வெத்தலத் தட்டோட நிக்கிறது மட்டும் தெளிவாத் தெரிஞ்சுச்சு.

'கட்' சொன்ன பெறகும் நான் எந்திரிக்கல. டைரக்டரு பக்கத்துல வந்து மூக்குக்குக் கீழ வெரல வச்சுப் பாத்தாரு. "இத்தன பேரு எங்கிட்ட செத்திருக்கான். இவன மாதிரி ஒருத்தனும் செத்ததில்ல"ன்னாரு.

சினிமாவுல ஒரு வழக்கம் உண்டு. பொணமா நடிச்சவன எழுப்பி ஒக்கார வச்சு, கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு எடுப்பாக. அப்பத்தான் தோஷம் கழியும். நானும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சேன். அன்னைக்கே மாமாவுக்கு லெட்டர் போட்டேன்: "இந்தப் படத்துல என் மொகம் மட்டும் தனியா, பெருசா வருது. அறந்தாங்கிக்கு வந்ததும் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. என்ன வேஷம்னு இப்பச் சொல்ல மாட்டேன், தெரையில பாத்துக்கங்க."

என்ன வேஷம்னு மட்டும் எழுதியிருந்தா எம்புட்டோ தொந்தரவு மிச்சமாகியிருக்கும்.

படம் அறந்தாங்கி டெண்ட் கொட்டாய்க்கு வர ஆறேழு மாசமாச்சு. வந்திருக்குன்னு தெரிஞ்சதும், அவுக பாத்து முடிக்கிற கணக்குக்கு ஒரு நாளு தள்ளி, சலவ வேட்டி, பூந்திப் பொட்டலத்தோட ரயில விட்டு எறங்குனேன். கடத்தெருவுல ரெண்டு பேரு என்னையப் பாத்து வெலகி நின்னாக. பேரு வாங்கிட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். மாமா வீட்டுச் சந்துல நொழஞ்சா, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் கொடியில சேல, வேட்டி, துண்டு, பாவாடன்னு காயுது. ஒரு வீட்டுத் துணி இல்ல, தெருவே மொத்தமாத் தொவச்ச மாதிரி. காத்துல எல்லாம் ஒண்ணா ஆடுது. அந்த ஈரத் துணிகளுக்கு நடுவுல சொர்க்கத்துக்குள்ள போற மாதிரி நடந்து போனேன்.

வீட்டுல அத்த என்னையப் பாத்ததும் கையில இருந்த சொம்பக் கீழ போட்டுட்டு உள்ள ஓடுனாக. மாமா பெஞ்சியில ஒக்காந்திருந்தாரு. "வாங்க"ன்னு சொல்லல. சாவு வீட்டுலதான் யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாக. எனக்கு அப்பவும் வெளங்கல.

"என்ன மாமா, படம் பாத்தீகளா?"

"பாத்தோம்."

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல மாப்ள. ஒங்கள எடுத்துட்டுப் போனதும் வந்து குளிச்சுட்டோம்."

மெதுவாத்தான் எல்லாம் தெரிஞ்சுச்சு. மாமா பெருமையா, "எங்க மாப்ள நடிச்ச படம்"னு தெருவுல முப்பது பேரக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. மால, நெத்திக் காசோட என் மொகம் தெர முழுக்க வந்ததும், அத்த மாருல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சிருக்காக. பக்கத்துல இருந்த பொம்பளைகளும் சும்மா இருக்குறது மரியாத இல்லன்னு சேந்து அழுதிருக்காக. தீப்புடிச்சிருச்சுன்னு நெனச்சு ஆபரேட்டரு படத்த நிறுத்தி லைட்டப் போட்டிருக்காரு. அதெல்லாம்கூடப் பரவாயில்ல. படம் முடிஞ்சு வெளிய வந்தவுக, ஒருத்தரும் ஒண்ணும் பேசாம, நேரா கண்மாய்க்குப் போயி தல முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ள நொழஞ்சிருக்காக.

"யாரு மாமா குளிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. கொட்டாய விட்டு வெளிய வந்தோம், காலு தானா அங்கிட்டுப் போச்சு. பழக்கம்."

"அது நடிப்பு மாமா."

"நடிப்புன்னு தெரியாம இருக்க நான் என்ன பால்குடிப் பிள்ளையா? ஆனா குளிச்சாச்சுல்ல? ஒங்க அத்த அழுதாச்சுல்ல? இந்த மொகத்துக்குன்னு தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, நாளைக்கு அதே மொகத்துக்கு எப்படிச் சந்தனம் பூசுவேன்? எம் பொண்ண எப்படிக் குடுப்பேன்?"

"மாமா, தோஷம் கழிச்சாச்சு. எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிச்சேன்."

"எங்க? படத்துல வரலையே."

"அத வெட்டிருவாக."

"சாவ மட்டும் வச்சுக்கிட்டு சிரிப்ப வெட்டிருவாகளா? நல்ல தொழிலுய்யா ஒங்க தொழிலு."

பூந்திப் பொட்டலம் கையில கனமா இருந்துச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். அப்பத்தான் கதவுக்குப் பின்னாடி இருந்து கொரலு வந்துச்சு.

"அப்பா, அவுக சாகல."

"அதான் முன்னாடி நிக்கிறாரே, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நேருல சொல்லல. படத்துலயே சாகல. வயிறு ஏறி ஏறி எறங்குச்சு. நீங்கள்லாம் அழுதுக்கிட்டிருந்தீக, நான் பாத்துக்கிட்டிருந்தேன். உசுரோட கெடக்குற ஆளுக்குக் குளிச்சா, அது வெறும் குளியல்தான?"

மாமா மோட்டுவளயப் பாத்து யோசிச்சாரு. பாத்திரத்துல ஓட்ட தேடுற அதே பார்வ.

எனக்கு ஒரு பக்கம் போன உசுரு வந்துச்சு. இன்னொரு பக்கம், சொன்னா வெக்கக்கேடு, சுருக்குன்னு கோவம் வந்துச்சு. நானா மூச்சு விட்டேன்? டைரக்டரு மூக்குல வெரல வச்சுப் பாத்த ஆளு நான். "இல்ல, நான் விடல"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. கதவிடுக்குல ரெண்டு கண்ணு என்னையே முழிச்சுப் பாத்துச்சு. வாய மூடிக்கிட்டேன்.

"சரி, இன்னைக்கு மொத ஆட்டம் போவோம். மூச்சு விட்டா வீட்டுக்கு மாப்ள. விடலன்னா ரயிலுக்கு"ன்னு மாமா எந்திரிச்சாரு.

பொழுது சாயிற நேரம் கொட்டாய்க்குப் போனோம். நேத்து அழுத முப்பது பேரும் வந்திருந்தாக, புதுசா அம்பது பேரு சேந்துக்கிட்டாக. செத்தவன் பக்கத்துல ஒக்காந்து அவன் சாவப் பாக்குறது தெனமும் கெடைக்கிற காட்சியா? மணலு இன்னும் வெயில்ல சுட்டுச்சு. எனக்கும் மாமாவுக்கும் நாற்காலி. அவ தடுப்புக்கு அங்கிட்டு, பொம்பளைக பக்கம்.

படம் ஓடுச்சு. தெர தொவச்சுக் காயப்போட்ட வேட்டி மாதிரி அசையாமத் தொங்குச்சு. புழுக்கம். ஒரு எல அசையல. என் காட்சி வரப்போவுதுன்னு எனக்குத் தெரியும். நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன்னும் தெரியும். அப்ப அவ பாத்தது என்ன? அழுக நடுவுல கண்ணு கலங்கித் தெரிஞ்சதா? இன்னைக்கு எல்லாரும் பாக்க நான் பரிசுத்தமா, அட்ட மாதிரி, செத்துக் கெடக்கப் போறேன். என் வாழ்க்கையில ஒழுங்காப் பண்ணுன ஒரே வேலை, இப்ப என் கல்யாணத்தக் கெடுக்கப் போகுது.

சாவு வீடு வந்துச்சு. கதாநாயகி ஓடியாந்தா. என் மொகம் தெர முழுக்க எந்திரிச்சுச்சு. அசையல. கேமரா பின்னாடி போயி, என் முழு ஒடம்பும் தூணும் தெரிஞ்சுச்சு. மாமா முன்னாடி குனிஞ்சாரு. தடுப்புக்கு அங்கிட்டு அத்த மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு.

அந்த நேரத்துலதான் மணமேல்குடிப் பக்கமிருந்து கடல்காத்து வந்துச்சு. அந்தியில அது வரும், நாங்க கவனிக்கிறதில்ல. மொதல்ல கழுத்துல பட்டுச்சு. கூரக் கீத்து சலசலன்னுச்சு. பெறகு தெர மெதுவா உள்வாங்கி, மெதுவா வெளிய உப்புச்சு. நான் மூச்சு விட்டேன்.

நெஞ்சு ஏறுச்சு, எறங்குச்சு. என் வயித்துக்கு மேல கெடந்த மால ஏறுச்சு, எறங்குச்சு. கதாநாயகி தோளு ஏறுச்சு, பின்னாடி நின்ன அட்டத் தூணுகூட நெறஞ்சு வடிஞ்சுச்சு. அந்த வீடே தூங்குற ஒரு பெரிய மாடு மாதிரி மூச்சு விட்டுச்சு. நான் நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, செத்துப்போன என்னைய, பூமி மெள்ள எழுப்புறதப் பாத்துக்கிட்டிருந்தேன். எம்புட்டு அமைதியா இருந்துச்சு தெரியுமா. அப்படி ஒரு தூக்கம் நான் ஒரு நாளும் தூங்குனதில்ல.

"யோவ், மூச்சு விடுறான்யா!"ன்னு மாமா எந்திரிச்சுக் கத்துனாரு.

"ஆமாய்யா! அந்தா, வயிறு!"

"எந்திரிச்சு ஒக்காருப்பா, ஒங்க மாமன் வந்திருக்காரு!"ன்னு மணல்ல இருந்து ஒருத்தன். கொட்டாயே சிரிச்சுச்சு. நேத்து மாரடிச்ச அத்த தடுப்புக்கு மேல எட்டிப் பாத்து, "பொணமா நடிக்கக்கூடத் தெரியல பாரு, எங்க புள்ளைக்கு"ன்னு சந்தோசத்துல அழுதாக.

மாமா எம் பக்கம் திரும்புனாரு. "மாப்ள, நெசத்தச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும். மூச்சு விட்டீகளா இல்லையா?"

டைரக்டரோட வெரலு மூக்குக்குக் கீழ இருந்த மாதிரியே இருந்துச்சு. இவன மாதிரி ஒருத்தனும் செத்ததில்ல. அத நான் யாருகிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல, பத்திரமா வச்சிருந்தேன்.

"விட்டேன் மாமா"ன்னேன். "அடக்கத்தான் பாத்தேன். முடியல."

அந்த வைகாசியிலயே கல்யாணம் நடந்துச்சு. நெத்திக் காசு இருந்த எடத்துல மாமா தன் கையாலயே சந்தனம் வச்சாரு, கொஞ்சம் கூடவே வச்சாரு. கடத்தெருவுல அவரு ஆசப்பட்ட மாதிரி நாலு பேரு கேட்டாக: "மூச்சு விட்ட பொணம் ஒங்க மருமகன்தான?" அவரும் சளைக்காம, "நடிக்கத் தெரியாதய்யா, ஆனா நல்ல மனுசன்"ம்பாரு. இது அறந்தாங்கியில இருந்து ஆவூர் வரைக்கும் பரவிருச்சு.

பெறகு என் கழுத்தப் பாத்து மட்டுமில்ல, சாவுக்குன்னே என்னையத் தேடி வந்தாக. அந்த டைரக்டரு நாலு எடத்துல சொல்லி வச்சிருந்தாரு போல. செத்தே முன்னுக்கு வந்திருக்கலாம். ஆனா மாமா ஒரு கண்டிசன் போட்டிருந்தாரு: எந்தப் படத்துல செத்தாலும் மூச்சு விட்டுக்கிட்டேதான் சாகணும். எந்த டைரக்டரு இதுக்கு ஒத்துக்குவாரு? நான் மறுபடியும் லெட்டர வாங்கிக்கிட்டுக் கதவத் தாண்டிப் போறவன் ஆனேன். இந்தத் தடவ கதவுக்கு அங்கிட்டு ஒருத்தி இருந்தா. சோத்தப் போட்டுக்கிட்டே, "இன்னைக்கு லெட்டர ஒழுங்கா வாங்குனீகளா, இல்ல அதையும் கோட்ட விட்டீகளா?"ம்பா. நான் நடிக்கத் தெரியாதவன்னு என் வீட்டுலயே முடிவாயிருந்துச்சு. ஆரம்பத்துல உள்ளுக்குள்ள உறுத்தும். காலம் போகப் போக, அந்த உறுத்தலும் வேட்டிக் கற மாதிரி பழகிருச்சு.

அறுபத்தஞ்சு, அறுபத்தாறு வாக்குல நாங்க புதுக்கோட்டைக்கே வந்துட்டோம். அங்க ஒரு தியேட்டர்ல பழைய படமெல்லாம் மறுபடி போட்டுக்கிட்டிருந்தாக. ஒரு நாளு அந்தப் படத்தோட போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. மாமா அப்ப எங்களோட இருந்தாரு. ரெண்டு கண்ணுலயும் பொர வளந்து, ஆளு நெழலாத்தான் தெரியும். "போவோம் மாப்ள, ஒங்க படம்"னு புடிவாதம் புடிச்சாரு. மேட்னிக்குப் போனோம். எனக்கு வலது பக்கம் அவ, இடது பக்கம் மாமா.

அது கல்லுக் கட்டடம். செவத்துல இறுக்கிக் கட்டுன தெர. கதவெல்லாம் சாத்துனாக. உள்ள காத்து நொழைய ஒரு வழியும் இல்லன்னு அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு.

சாவு வீடு வந்துச்சு. கதாநாயகி ஓடியாந்தா. என் மொகம் தெர முழுக்க எந்திரிச்சுச்சு, பத்துப் பதினோரு வருஷத்துக்கு முந்துன மொகம். கல்லு மாதிரி கெடந்தேன். ஒரு மயிரெழ அசையல. பின்னாடி தூணு நேரா நின்னுச்சு. எம்புட்டு நல்லாச் செத்திருக்கேன்னு எனக்கே கண்ணு கலங்குச்சு. ஆனா, பக்கத்துல அவ பாத்துக்கிட்டிருக்கா. நான் அவுகப்பாகிட்ட ஊருகூட்டிச் சொன்ன பொய்யி, ஒரு மொழம் நெத்தியும் ஒத்த ரூவாயுமா முன்னாடி கெடக்குது.

"என்னாத்தா," மாமா இருட்டுல சத்தமாக் கேட்டாரு, "ஒம் புருசன் மூச்சு விடுறாரா?"

"விடுறாகப்பா"ன்னா அவ. "நல்லா விடுறாக."

மாமா திருப்தியாச் சாஞ்சுக்கிட்டாரு. நான் அவ பக்கம் திரும்பவே இல்ல. அவளும் தெரையப் பாத்துக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா:

"அன்னைக்கு அந்தத் தூணும்தான் மூச்சு விட்டுச்சு."

தெரையில என்னையத் தேருல ஏத்திக்கிட்டிருந்தாக.

"ஏங்க," அவ மொழங்கையால இடிச்சா. "அங்கதான் செத்தாச்சுல்ல. இங்கயும் எதுக்கு அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கீக? விடுங்க."

விட்டேன்.